சேர்வராயன் மலைப் பல்லிகளின் உறவுமரத்தை டி.என்.ஏ. வரிசையிலிருந்து கணிப்பது எப்படி?

சேர்வராயன் மலையின் பாறைப் பகுதிகளில் வாழும் நெமாஸ்பிஸ் பேரினப் பல்லிகளை உருவத்தை மட்டும் வைத்துப் பிரித்தறிவது கடினம். ஏற்காட்டின் பெயரைத் தாங்கிய நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ் 2000-இலும், நெமாஸ்பிஸ் சேர்வராயென்சிஸ் 2019-இலும் விவரிக்கப்பட்டன. பின்னதை விவரித்த ஆய்வு மைட்டோகாண்டிரியாவின் என்.டி.2 மரபணுவைக் கொண்டு உறவுமரமும் வரைந்தது. அத்தகைய மரத்தை வரைய விரும்பும் சேலத்து மாணவர்கள், கணக்கை மென்பொருளிடம் விடும் முன் ஒருமுறையேனும் கையால் செய்து பார்ப்பது நல்லது.

ஜென்பேங்க் தரவுத்தளத்தில் கிடைக்கும் வரிசைகளைத் தூரத்து உறவான, மரத்தின் வேர் எங்கே என்று காட்டும் ஒரு புறக்குழு இனத்துடன் சேர்த்து எடுத்து, ஒத்த இடங்கள் ஒரே நிரலில் அமையுமாறு பொருத்துங்கள். என்.டி.2 புரதத்தைக் குறிக்கும் மரபணு என்பதால், நடுவே நிறுத்தக் குறியன் (புரத உருவாக்கத்தை முடிக்கும் மூன்றெழுத்துக் குறி) தென்பட்டால் பொருத்தத்தையோ வரிசையையோ ஐயுற வேண்டும்.

அடுத்து வருவதே முழு வேலையின் உயிர்நாடி. இரு வரிசைகள் 1,000 இடங்களில் 300-இல் வேறுபட்டால் அவற்றின் பரிணாமத் தூரம் 0.30 என்று எழுதிவிடக் கூடாது. ஒரே இடம் இருமுறை மாறியிருக்கலாம், மாறிய எழுத்து (ஏ, ஜி, சி, டி என்னும் நான்கில் ஒன்று) பழைய எழுத்துக்கே திரும்பியிருக்கலாம், அவை எண்ணிக்கையில் தெரிவதில்லை. ஜூக்ஸும் கேண்டரும் 1969-இல் தந்த திருத்தத்தின்படி, 0.30-ஐ 4/3-ஆல் பெருக்கி (0.40), 1-இலிருந்து கழித்து (0.60), அதன் இயல் மடக்கையை (−0.511) −3/4-ஆல் பெருக்கினால் 0.383 கிடைக்கும். வேறுபாடு 0.75-ஐ எட்டினால் சூத்திரம் விடை தராது, ஏனெனில் நான்கு எழுத்துகளும் சம அளவில் உள்ள தொடர்பற்ற இரு வரிசைகளும் தற்செயலாகவே கால்பங்கு ஒத்திருக்கும். மைட்டோகாண்டிரியாவில் ஏ–ஜி, சி–டி மாற்றங்கள் மற்றவற்றைவிட மிகுதி என்பதால், அவற்றையும் மற்ற மாற்றங்களையும் தனித்தனியாகப் பிரித்துக் கணக்கிடும் கிமுராவின் 1980-ஆம் ஆண்டு மாதிரியே இங்குக் கூடுதல் பொருத்தம்.

தூரங்களிலிருந்து விரைவாக மரம் பெறச் சைட்டோவும் நெய்யும் 1987-இல் வகுத்த, இனங்களை இரண்டிரண்டாக இணைத்துச் செல்லும் அண்டை இணைப்பு முறை போதும். எனினும், ஒவ்வொரு நிரலையும் தனித்தனியே மதிப்பிடும் பெல்சன்ஸ்டைனின் உச்ச நிகழ்தகவு முறையையே (1981) நான் பரிந்துரைப்பேன். பத்து இனங்களுக்கே வேரற்ற (மூதாதையின் இடம் குறிக்கப்படாத) மரங்கள் 20,27,025 என்பதால், இனங்கள் பெருகும்போது மென்பொருள் அனைத்தையும் சோதிக்காமல் தேர்ந்து தேடுகிறது. ஆகவே வெவ்வேறு தொடக்க மரங்களிலிருந்து மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.

இறுதியாக, நிரல்களைத் திரும்பத் திரும்பக் குலுக்கலில் எடுத்து மரம் வரையும் பூட்ஸ்டிராப் சோதனையைச் செய்யுங்கள். ஒரு கிளை அம்மரங்களில் 95 விழுக்காட்டில் வந்தாலும் அது அந்த ஒரு மரபணுவின் வரலாற்றுக்கான ஆதரவு மட்டுமே. மைட்டோகாண்டிரியா தாய்வழியே வருவதால், உட்கரு மரபணு ஒன்றையும் சேர்த்துப் பார்க்காமல் இனங்களின் உறவை முடிவுசெய்ய வேண்டாம்.