உப்பு நீரில் குளிப்போர் சோப்பு வாங்கும்போது

பெங்களூரில் காவிரி நீர் போதாமல் ஆழ்துளைக் கிணற்றையும் டேங்கரையும் நம்பியிருக்கும் நம்மவர்கள், சோப்பு நுரைப்பதில்லை என்றும் குளித்தபின் தோல் வெள்ளை பூத்து வறண்டுவிடுகிறது என்றும் சொல்வதுண்டு. நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து கரையாத படிவாக மாறுகின்றன. பக்கெட்டின் உட்புறத்தில் வளையமாக ஒட்டும் அந்தப் பிசுக்கே தோலிலும் தங்கிவிடுகிறது.

உறையில் 'சோடியம் பாமேட்' என்றிருந்தால் அது பாமாயிலில் செய்த சோப்பு. அதன் பாமிட்டிக் அமிலம் கட்டியைக் கெட்டியாக்குகிறது. 'சோடியம் பாம் கெர்னலேட்' என்பது எண்ணெய்ப்பனையின் கொட்டைப் பருப்பிலிருந்து வருவது. அதிலுள்ள லாரிக் அமிலம், தேங்காயெண்ணெயில் இருப்பதைப் போலவே, நல்ல நுரையைத் தந்தாலும் அளவு கூடினால் தோலை வறட்டும்.

டி.எஃப்.எம். (சோப்பிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருள்) அளவு 76 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரச் சோப்பு என்று கடைக்காரர் சொல்வது சரியே. ஆனால் அந்த எண் உப்பு நீரின் தொல்லையைத் தீர்க்காது என்பதை அவர் சொல்லமாட்டார். அதற்கு, விலை சற்றுக் கூடுதலானாலும், 'சோடியம் கோகோயில் ஐசெதியோனேட்' என்ற, சோப்பு அல்லாத கழுவுபொருள் முதன்மைப் பொருளாக உள்ள கட்டியே ஏற்றது, ஏனெனில் அதுவும் கொழுப்பு அமிலத்திலிருந்தே வந்தாலும் உப்பு நீரில் பிசுக்காகத் திரிவதில்லை. ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் நீரில் உப்பு இன்னும் செறிவாக இருப்பதால், அதை வீட்டைத் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், குளிக்க வேண்டாம்.