ஒரு சொல்லின் வரலாற்றை நீங்களே தேடுவது எப்படி? 'வார்லெட்' என்ற சொல்லை வைத்து ஒரு பயிற்சி

அகராதியில் ஒரு சொல்லுக்கு நேரே "பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது" என்று ஒற்றை வரி இருக்கும். பலரும் அதைப் படித்ததும் திருப்தியாகி அகராதியை மூடிவிடுகிறார்கள். சொல் வரலாற்றின் சுவையான பகுதி அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. யார், யாரை, எந்த ஆண்டில், எந்த இடத்தில் நின்றுகொண்டு அந்தப் பெயரால் கூப்பிட்டார்கள் என்று தேடிப் பார்த்தால்தான் சொல்லுக்கு உயிர் வரும்.

அதை எப்படித் தேடுவது என்று படிப்படியாகப் பார்ப்போம். பயிற்சிக்கு நான் எடுத்துக்கொண்ட சொல் 'வார்லெட்'. இடைக்காலத்தில் பணியாளையும், நைட் எனப்படும் குதிரை வீரனுக்கு ஆயுதமும் குதிரையும் கவனித்துக்கொண்ட இளைஞனையும் குறித்த சொல் இது. இன்று ஆங்கிலத்தில் யாரும் இதைப் பேச்சில் பயன்படுத்துவதில்லை. பழைய நாடகங்களில் 'அயோக்கியன்' என்ற பொருளில் கண்ணில் படும். பணியாள் எப்படி அயோக்கியன் ஆனான் என்பதுதான் நம் கேள்வி.

மொழியியல் படித்திருக்கத் தேவையில்லை. லத்தீனும் பிரெஞ்சும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நோட்டும் இணைய இணைப்பும் போதும்.

படி 1: சொல்லின் எல்லா முகங்களையும் எழுதிக்கொள்ளுங்கள்

இடைக்காலத்தில் எழுத்துக்கூட்டலுக்கு நிலையான விதி கிடையாது. ஒரே சொல்லை ஒரே எழுத்தர் ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக எழுதியிருப்பார். அதனால் வி-ஏ-ஆர்-எல்-இ-டி என்று மட்டும் தேடினால் பாதிச் சான்றுகள் கிடைக்காமல் போகும்.

நம் சொல்லுக்குக் குறைந்தது இத்தனை வடிவங்கள் உண்டு: பழைய பிரெஞ்சில் வஸ்லெட், வல்லெட், வாலெட், வார்லெட், இங்கிலாந்தில் புழங்கிய நார்மன் பிரெஞ்சில் வாட்லெட், லத்தீன் ஆவணங்களில் வலெட்டுஸ், வல்லெட்டுஸ். பெரிய ஓட்டல் வாசலில் காரை வாங்கிக்கொண்டு போய் நிறுத்துவதை 'வாலே பார்க்கிங்' என்கிறோமே, அந்த 'வாலே' கூட இதே சொல்தான்.

படி 2: நான்கு கட்டம் போடுங்கள்

நோட்டில் நான்கு கட்டங்கள்: ஆண்டு, ஆவணம், பொருள், யார் யாரைச் சொன்னது. முதல் மூன்றை எல்லோரும் எழுதிவிடுவார்கள். நான்காவதைத்தான் புதிதாகத் தொடங்குபவர்கள் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் உயிர்க்கட்டம். மற்ற மூன்றும் அதற்குத் துணை.

அடுத்து, எங்கே தேடுவது? ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 1884 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து 1928-இல் நிறைவடைந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு வரிசையில் மேற்கோள் தருவதுதான் அதன் பெரும் பலம். முழுவதும் படிக்கக் கட்டணம் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகம் வெளியிட்ட இடைக்கால ஆங்கில அகராதி இணையத்தில் இலவசம். 1952-இல் அச்சாகத் தொடங்கி 2001-இல் முடிந்த பெரும் பணி அது. ஆங்கிலோ-நார்மன் அகராதியும் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆங்கிலச் சொல்லுக்கு எதற்கு நார்மன் அகராதி என்று தோன்றலாம். 1066-இல் வட பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பல நூற்றாண்டுகளுக்கு அரசவை, நீதிமன்றம், சட்டம் எல்லாவற்றிலும் பிரெஞ்சும் லத்தீனும்தான் எழுதப்பட்டன. பணியாள் பற்றிய பேச்சு பெரும்பாலும் எஜமானின் மொழியில்தான் பதிவாகியிருக்கிறது.

படி 3: சொல் ஒரு முறைதான் வந்ததா என்று பாருங்கள்

அகராதிகளைப் புரட்டினால் ஒரு விஷயம் உடனே தெரியும். 'வார்லெட்' ஆங்கிலத்துக்குள் 15-ஆம் நூற்றாண்டில் வந்துவிட்டது. 'வாலே' என்ற வடிவம், பிரபுவின் அறையில் உடை எடுத்துக்கொடுக்கும் தனிப் பணியாள் என்ற பொருளில், 1560-களில் வருகிறது. ஒரே சொல், இரண்டு வரவு. இதைக் குறித்து வையுங்கள். ஒன்று வசைச்சொல்லாகி மறைந்ததும் மற்றது மரியாதையான வேலைப் பெயராக இன்றும் நிற்பதும் ஏன் என்று பின்னால் பேசும்போது இந்த இரண்டு தேதிகள்தான் கைகொடுக்கும்.

படி 4: ஒலி மாற்றத்துக்குச் சாட்சி தேடுங்கள்

வஸ்லெட் எப்படி வார்லெட் ஆகும்? "மாறிவிட்டது" என்று எழுதினால் போதாது. அதே மாற்றம் வேறு சொற்களிலும் நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பிரெஞ்சில் மெய்யெழுத்துக்கு முன்னால் வந்த ஸ் ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஆங்கிலத்தில் 'ஃபாரஸ்ட்', 'ஹாஸ்பிடல்' என்று அந்த ஸ் தங்கிவிட்டது. இன்றைய பிரெஞ்சில் அந்தச் சொற்களில் ஸ் கிடையாது, அது இருந்த இடத்தில் உயிரெழுத்தின் தலையில் ஒரு சிறு கூரைக் குறி மட்டும் இருக்கிறது. வஸ்லெட் அப்படித் தேய்ந்தது 'வாலே'. சில வட்டாரங்களில் தேயாமல் ர் ஆனது, அது 'வார்லெட்'. நார்மன் பேச்சில் ல்-க்கு முன்னால் ட் ஆனது, அது 'வாட்லெட்'. பழைய பிரெஞ்சின் 'மெஸ்லெர்' ஆங்கிலத்தில் 'மெடில்' (தலையிடு) ஆனதும் இதே வழியில்தான்.

படி 5: வேருக்கு இறங்குங்கள், ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள்

வஸ்லெட் என்பது 'சின்ன வஸ்ஸல்' என்ற பொருள் தரும் குறுமைச் சொல். வஸ்ஸல் என்பவன் பெரிய பிரபுவுக்கு விசுவாசம் சொல்லி நிலம் பெற்றவன். அதற்கு அடியில் இருப்பது இடைக்கால லத்தீனின் 'வஸ்ஸுஸ்', பணியாள். அதற்கும் அடியில் பழைய கெல்டிக் மொழியின் 'வஸ்ஸோ', இளைஞன் அல்லது பணியாள். வேல்ஸ் மொழியில் 'க்வாஸ்' என்றால் இன்றும் பணியாள்தான்.

கெல்டிக் வடிவத்தின் முன்னால் அகராதியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள். எழுத்தில் கிடைக்காத, அறிஞர்கள் ஒப்பிட்டு ஊகித்த வடிவம் என்று அதற்கு அர்த்தம். உங்கள் நோட்டிலும் அந்த நட்சத்திரத்தைத் தவறாமல் போடுங்கள். ஊகத்தையும் ஆவணத்தையும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

இந்த வேரின் கதையிலேயே ஒரு பெரிய ஏற்றம் இருக்கிறது. இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்ட ஃபிராங்குகளின் பழைய சட்டத் தொகுப்புகளில் வஸ்ஸுஸ் என்பவன் சுதந்திரமில்லாத வேலைக்காரன். பிற்பாடு, 757-இல் பவேரியாவின் கோமகன் மூன்றாம் டாசிலோ, ஃபிராங்கு மன்னன் பெப்பினிடம் தன்னை வஸ்ஸலாக ஒப்படைத்துக்கொண்டதாக அரச ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அடிமையைக் குறித்த சொல் ஒரு நாட்டையே ஆண்டவனுக்குப் பொருந்துகிறது. சேவை செய்வது இழிவு என்ற எண்ணம் அந்தச் சமூகத்தில் இன்னும் ஒட்டவில்லை. யாருக்குச் சேவை என்பதுதான் கணக்கு.

படி 6: உண்மையான மனிதர்களைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியில் நிறைய நேரம் செலவிடுங்கள். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரெத்தியன் த த்ருவா எழுதிய பெர்சிவல் கதையில், நாயகனையே கவிஞர் வல்லெட் என்றுதான் சொல்லிக்கொண்டு போகிறார். அவன் யாருடைய வேலைக்காரனும் இல்லை. நைட் ஆகாத, உயர்குடியில் பிறந்த இளைஞன். ஆக அந்தக் காலத்தில் சொல்லின் மையப்பொருள் 'இன்னும் வீரன் ஆகாத பையன்' என்பதுதான்.

அடுத்த சான்று கவிஞர் ஜெஃப்ரி சாசர். 1357-இல் அல்ஸ்டர் சீமாட்டி எலிசபெத்தின் வீட்டுக் கணக்கில் இந்தப் பையனுக்கு ஒரு குட்டைச் சட்டையும் கறுப்பு சிவப்புக் காலுறையும் ஒரு ஜோடி காலணியும் வாங்கிய செலவு எழுதப்பட்டிருக்கிறது. பிரான்ஸ் போரில் அவர் பிடிபட்டபோது, 1360-இல், மீட்புத் தொகைக்காக மன்னர் மூன்றாம் எட்வர்டு 16 பவுண்டு கொடுத்தார். 1367-இல் அதே மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 20 மார்க் உதவித்தொகை வழங்கியபோது ஆணையில் எழுதிய சொற்கள்: 'நமது அன்புக்குரிய வல்லெட்டுஸ்'. 20 மார்க் என்றால் 13 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ்.

நான்காவது கட்டத்தில் இப்போது என்ன எழுதுவீர்கள்? மன்னர், தன் வீட்டு ஊழியரை, பாராட்டோடு சொன்னது. வசை வாடையே இல்லை. கொஞ்ச நாளிலேயே சாசரின் பெயருக்கு முன்னால் எஸ்கொயர் என்ற அடுத்த பதவிப்பெயர் வருகிறது. அதாவது வலெட்டுஸ் ஒரு படி, எஸ்கொயர் அதற்கு மேல்படி. சாசரே பின்னாளில் தன் கான்டர்பரி கதைகளில் சுமார் இருபது வயது ஸ்கொயர் (எஸ்கொயர் என்பதன் சுருங்கிய வடிவம்) ஒருவனைப் படைத்தார். பாட்டும் நடனமும் குதிரையேற்றமும் தெரிந்த அந்த இளைஞன் சாப்பாட்டு மேசையில் தன் தந்தைக்கு இறைச்சி வெட்டிப் பரிமாறுகிறான். அது அவனுக்குக் கௌரவமான பயிற்சி.

ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பாலும் பாருங்கள். 1425-இல் பர்கண்டியின் கோமகன் ஃபிலிப், ஓவியர் யான் வான் ஐக்கைத் தன் சேவையில் சேர்த்துக்கொண்டபோது கொடுத்த பதவி 'வார்லெட் த ஷாம்ப்ர்', அறைப் பணியாளர். தூசு தட்டும் வேலை இல்லை அது. கோமகனை நேரில் அணுகும் உரிமையும் சம்பளமும் கொண்ட அரசவைப் பதவி.

ஆனால் இங்கிலாந்தில் தரை சரியத் தொடங்கிவிட்டது. நாடாளுமன்றத்துக்கு மாவட்டப் பிரதிநிதியாக யார் தேர்ந்தெடுக்கப்படலாம் என்று 1445-இல் ஒரு சட்டம் வந்தது. பிரெஞ்சில் எழுதப்பட்ட அந்தச் சட்டம் 'வாட்லெட் தரத்திலும் அதற்குக் கீழேயும்' உள்ளவர்கள் கூடாது என்று சொல்கிறது. ஆங்கிலப் பதிப்பில் அந்த இடத்தில் 'யோமன்' என்று போட்டிருக்கிறார்கள், அதாவது உயர்குடி இல்லாத, ஓரளவு வசதியான குடியானவன். சாசருக்கு வேலைப்படியாக இருந்த சொல் இங்கே வாசலில் போட்ட கோடு ஆகிவிட்டது. பெர்சிவலின் காலத்தில் யாரும் அப்படி எழுதியிருக்க முடியாது.

படி 7: வசையாக மாறிய இடத்தைத் துல்லியமாகப் பிடியுங்கள்

அகராதிகள் 'அயோக்கியன்' என்ற பொருளை 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து காட்டுகின்றன. ஆனால் புதுப்பொருள் வந்ததும் பழையது செத்துவிடாது. இரண்டும் பல பத்தாண்டுகள் சேர்ந்தே வாழும். இதைப் பார்க்க ஷேக்ஸ்பியரை விட நல்ல இடம் இல்லை.

'டிராய்லஸ் அண்ட் கிரெசிடா' நாடகத்தின் முதல் காட்சியில் டிராய்லஸ் தன் வார்லெட்டைக் கூப்பிடச் சொல்கிறான், கவசத்தைக் கழற்ற. இது சுத்தமான பழைய பொருள். 'ஹென்றி நான்கு' இரண்டாம் பாகத்தில் நீதிபதி ஷாலோ தன் வேலையாள் டேவியை 'நல்ல வார்லெட்' என்று திரும்பத் திரும்பப் புகழ்கிறார். 'லியர் அரச'னிலோ, லியர் தன் மகளின் பணியாளான ஆஸ்வால்டைப் பார்த்து 'வார்லெட், என் கண்முன் நிற்காதே' என்று சீறுகிறார்.

இந்த மூன்றையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'பணியாள்' என்று போடுங்கள், அப்புறம் 'அயோக்கியன்' என்று போடுங்கள். டிராய்லஸின் வரியில் முதலாவது மட்டும் பொருந்தும். லியரின் வரியில் இரண்டும் பொருந்தும். ஆஸ்வால்டு உண்மையாகவே பணியாள், லியருக்கோ அவன்மேல் தாங்க முடியாத கோபம். இரண்டும் பொருந்துகிற இப்படிப்பட்ட வரிகளில்தான் பொருள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. கிடைத்தால் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் தாவியது? அந்தஸ்தைக் குறித்த சொற்கள் நாளடைவில் ஒழுக்கத்தைக் குறிப்பவையாக மாறும் போக்கை ஆங்கில இலக்கிய அறிஞர் சி. எஸ். லூயிஸ் விரிவாக எழுதியிருக்கிறார். பண்ணையில் உழைத்தவனைக் குறித்த சொல்தான் 'வில்லன்' ஆனது. உயர்குடியைக் குறித்த 'ஜென்டில்', 'நோபிள்' இரண்டும் நற்குணங்கள் ஆயின. எழுதுகோல் யார் கையில் இருந்தது என்று நினைத்துப் பார்த்தால் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வார்லெட்டுகள் கெட்டவர்களாக மாறியதற்கு எந்த ஆவணமும் சான்று சொல்லவில்லை. அவர்களைத் திட்டியவர்களின் குரல்தான் பதிவாகியிருக்கிறது. இதை உங்கள் கட்டுரையில் தயங்காமல் எழுதுங்கள்.

'வாலே' ஏன் தப்பித்தது என்பதற்கு என் விளக்கம் இது: 1560-களில் அது பிரெஞ்சு நாகரிகத்தின் வேலைப் பெயராகப் புதிதாக இறங்கியது. வசை ஏற்கனவே வார்லெட்டின் தலையில் ஏறியிருந்ததால், புதிதாக வந்தது சுத்தமாக நின்றது.

படி 8: அக்கம்பக்கத்துச் சொற்களோடு ஒப்பிடுங்கள்

தனியாக ஒரு சொல்லை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். பழைய ஆங்கிலத்தில் 'க்னாஃபா', 'க்னிஹ்ட்' இரண்டுக்குமே பையன், பணியாள் என்றுதான் பொருள். முதலாவது 'நேவ்' ஆகி அயோக்கியன் என்ற பொருளுக்கு இறங்கியது. இரண்டாவது 'நைட்' ஆகி வீரப்பட்டம் வரை ஏறியது. ஜெர்மனில் நேர் எதிர்: 'க்னாபெ' இன்றும் அப்பாவிப் பையன், 'க்னெஹ்ட்' பண்ணை வேலைக்காரன். ஆகவே பணியாள் சொல் என்றால் கீழேதான் போகும் என்று விதி எழுதிவிட முடியாது.

சீட்டுக்கட்டிலும் இந்தக் குடும்பம் ஒளிந்திருக்கிறது. நாம் ஜாக்கி என்று சொல்லும் சீட்டுக்குப் பிரெஞ்சில் பெயர் 'வாலே'. ஆங்கிலத்தில் அது நெடுங்காலம் 'நேவ்'. ராஜாவுக்குக் கே, நேவுக்குக் கே-என் என்று மூலையில் அச்சிட்டால் கையில் விரித்துப் பிடிக்கும்போது குழப்பம் வரும் என்பதால், 1864-இல் அமெரிக்க அச்சாளர் சாமுவேல் ஹார்ட் ஜே என்று போட்ட சீட்டுக்கட்டை வெளியிட்டார்.

படி 9: எழுதுங்கள்

ஆண்டு வரிசையில் எழுதுங்கள். ஒவ்வொரு பொருள் மாற்றத்துக்கும் ஓர் ஆவணமாவது காட்டுங்கள். அவ்வளவுதான்.

அடுத்த பயிற்சிக்கு 'க்ரூம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். 1200 வாக்கில் அது பையன், அப்புறம் பணியாள், இன்று குதிரை பார்த்துக்கொள்பவர். அதைத் தேடும்போது ஒரு கண்ணி இருக்கிறது, கவனம். மணமகனைக் குறிக்கும் 'ப்ரைட்க்ரூம்' இந்தக் குடும்பத்தில் பிறந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் அது 'ப்ரூட்குமா'. 'குமா' என்றால் மனிதன். அந்தச் சொல் வழக்கொழிந்த பிறகு, ஏறக்குறைய அதே ஒலியுள்ள 'க்ரூம்' அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. 'குமா'வையும் 'க்ரூ'மையும் நோட்டில் தனித்தனிப் பக்கங்களில் தொடங்குங்கள்.