ஜப்பானில் பழைய பிளாட் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

டோக்கியோ, யோகோஹாமா பக்கம் முதலீட்டுக்குப் பழைய ஒன்ரூம் பிளாட் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் காகிதங்களைக் கொண்டுவந்து காட்டுவதுண்டு. ஸ்டேஷன் தூரம், வாடகை, விலை எல்லாம் அலசியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுமிதாதெகின் குறைவென்று மகிழ்வது

மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணம் வேறு, பெரிய ரிப்பேருக்காகச் சேர்க்கும் ஷூஸென் சுமிதாதெகின் வேறு. இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.

ஒரு தம்பி வாங்கிய பிளாட் 1988இல் கட்டியது, 20 சதுர மீட்டர், விலை 60 லட்சம் யென், வாடகை 50,000. "அண்ணா, பத்து சதவீதம் வருது. சுமிதாதெகின் வெறும் 1,500தான்" என்றார். விற்றவரும் அதையே பெரிய சலுகையாகச் சொல்லியிருக்கிறார். உரிமையாளர்களின் அடுத்த பொதுக்குழுவில் அது 8,000 ஆனது. குழாய் மாற்ற ஒவ்வொரு உரிமையாளரும் 3 லட்சம் யென் தர வேண்டும் என்றும் முடிவானது. பராமரிப்புக் கட்டணம் 9,000 போக, கையில் நிற்பது மாதம் 33,000. வரிக்கு முன்பே வருமானம் 7 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது.

ஜப்பான் நிலம், உள்கட்டமைப்பு அமைச்சகம் 2021இல் திருத்திய வழிகாட்டியில், 5,000 சதுர மீட்டருக்கு உட்பட்ட, 20 மாடிக்குக் குறைந்த கட்டடத்துக்குச் சராசரி சுமிதாதெகின் சதுர மீட்டருக்கு மாதம் 335 யென். 20 சதுர மீட்டருக்கு 6,700 ஆகிறது. தம்பி கட்டியது 75 யென் கணக்கு. புதிதாக விற்கும்போது சுலபமாக விலைபோக, கட்டுநர்கள் ஆரம்பத் தொகையைக் குறைத்து வைப்பது வழக்கம். அப்புறம் உரிமையாளர்கள் எல்லோரும் முதலீட்டாளர்களாக இருந்தால் கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை, தொகையும் ஏறுவதில்லை. லிஃப்டும் மொட்டைமாடியும் வெளிச்சுவரும் மட்டும் அதுபாட்டுக்குப் பழசாகும். 30 வருடம் சேர்க்காமல் விட்டதை இனி வாங்குகிறவர்கள்தான் சேர்த்துக் கட்ட வேண்டும்.

எனவே முன்பணம் கொடுக்கும் முன்பே, நிர்வாக நிறுவனம் தரும் ஜூயோ ஜிகோ சோசா ஹோகோகுஷோவை (கட்டடத்தின் முக்கிய விவர அறிக்கை) தரகரிடம் கேளுங்கள். மொத்த நிதி இருப்பு, கடன், பாக்கி, வரப்போகும் உயர்வு எல்லாம் அதில் இருக்கும். நீண்டகால ரிப்பேர் திட்டமும், கடந்த சில பொதுக்குழுக் குறிப்புகளும் வேண்டும். தரத் தயங்கினால் அந்த பிளாட் வேண்டாம்.

விற்பவர் வைத்த பாக்கியையும் சட்டப்படி உங்களிடம் கேட்கலாம். பத்திரம் முடியும் நாளிலேயே தீர்க்கச் சொல்லுங்கள்.

1981

புதிய நிலநடுக்க விதி வந்தது 1981 ஜூன் 1. கட்டி முடித்த தேதியை அல்ல, கட்டட அனுமதித் தேதியைப் பாருங்கள். 1982இல் முடிந்த கட்டடமும் பழைய விதிப்படி இருக்கலாம்.

வாடகைக்காரர் குடியிருக்கும்போதே வாங்குவது

உள்ளே போய்ப் பார்க்க முடியாது. குளியலறை, ஏசி செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

விற்கிற தேதி

வாங்கி ஐந்து வருடம் தாண்டியதா என்று பார்ப்பது விற்கும் வருடத்தின் ஜனவரி 1 நிலவரப்படி. அதற்குள் விற்றால் லாபத்தில் 39.63 சதவீதம் வரி, தாண்டினால் 20.315.

ஊர் திரும்புவது

கிளம்பும் முன் நோஸெய் கன்ரினின் (உங்கள் சார்பில் வரி வேலையைப் பார்ப்பவர்) ஒருவரை நியமித்து வரி அலுவலகத்தில் தெரிவியுங்கள். அதன் பிறகு நிறுவனம் வாடகைக்கு எடுத்திருந்தால் 20.42 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தரும்.