வர்ஜீனியாவுக்குக் குடிவந்தால் முதல் மாதமே லைசென்ஸை மாற்றுங்கள்: தனியார் கல்லூரி மானியமும் நாங்கள் இழந்த ஒரு வருடமும்

பள்ளியில் கடைசி இரண்டு மூன்று வருடங்களில் இருக்கும் பிள்ளையோடு வர்ஜீனியாவுக்குக் குடிவந்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். பக்கத்து மேரிலாந்திலிருந்து வந்தாலும் சரி, நேரே கோயம்புத்தூரிலிருந்து வந்தாலும் சரி, வந்த முதல் மாதம் செய்ய வேண்டிய ஒரு வேலையை, கார் ஓட்டும் லைசென்ஸை மாற்றுவதை, நாங்கள் ஆறு மாதம் தள்ளிப்போட்டோம். அதனால் என் மகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய சுமார் 5,000 டாலர் போயிற்று. கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாத பணம். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

முதலில் அந்தப் பணம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வர்ஜீனியா டியூஷன் அசிஸ்டன்ஸ் கிராண்ட் என்று பெயர், எல்லோரும் விடேக் என்பார்கள். மாநிலத்துக்குள் இருக்கும், லாப நோக்கமில்லாத தனியார் கல்லூரிகளில் முழுநேரம் படிக்கும் வர்ஜீனியா பிள்ளைகளுக்கு மாநில அரசு கொடுக்கும் மானியம் இது. அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கும் தனியார் கட்டணத்துக்கும் உள்ள இடைவெளியைக் கொஞ்சமாவது குறைக்க வேண்டும் என்று 1970-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார்கள். தொகையை மாநில சட்டமன்றம் பட்ஜெட்டில் வைக்கிறது. இப்போது வருடத்துக்கு 5,000 டாலரை ஒட்டி இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் இரண்டு பேரும் ஐடியில் சம்பாதித்தாலும் பிள்ளைக்கு உண்டு. நம்மில் பலர் 'நமக்கெல்லாம் உதவித்தொகை எங்கே தரப்போகிறார்கள்' என்று விசாரிக்காமலே விட்டுவிடுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தனியார் கல்லூரி என்றதும் நம் ஊர் சுயநிதிக் கல்லூரியும் டொனேஷனும் ஞாபகத்துக்கு வரும். இங்கே அப்படி இல்லை. ரிச்மண்ட் பல்கலைக்கழகம், லெக்சிங்டனில் வாஷிங்டன் அண்ட் லீ, ஆர்லிங்டனில் மேரிமவுண்ட், வின்செஸ்டரில் ஷெனண்டோவா, ஹாம்ப்டன் பல்கலைக்கழகம், ரோனோக் கல்லூரி எல்லாம் இந்த வகைதான். வெளியே போட்டிருக்கும் கட்டணத்தைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் கல்லூரியே தரும் சலுகை, அதோடு விடேக், எல்லாம் கழிந்த பிறகு என் மகளுக்காகக் கட்ட வேண்டி வந்த தொகை நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. வாஷிங்டன் டிசிக்குள் இருக்கும் ஜார்ஜ்டவுன், ஜார்ஜ் வாஷிங்டன் போன்றவை நாங்கள் இருக்கும் ஆஷ்பர்னிலிருந்து பக்கம்தான், ஆனால் கல்லூரி வர்ஜீனியாவில் இல்லாததால் அங்கே இந்த மானியம் செல்லாது.

விண்ணப்பம் சுலபம். படிவத்தை மாநில அரசுக்கு அனுப்ப வேண்டியதில்லை, பிள்ளை சேரப்போகும் கல்லூரியின் ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஜூலை 31-க்குள் கொடுங்கள். அதற்குப் பிறகு கொடுத்தால் பணம் மிச்சம் இருந்தால்தான் உண்டு. இளங்கலைக்கு செமஸ்டருக்கு 12 கிரெடிட் குறையாமல் எடுக்க வேண்டும். எட்டு செமஸ்டர் வரைக்கும் கிடைக்கும். ஆன்லைன் படிப்புக்குத் தொகை குறைவு, சமயப் பணிக்கான படிப்புக்குக் கிடையாது, மேற்படிப்பில் மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு மட்டும்தான். நடுவில் வேறு கல்லூரிக்கு மாறினால் அங்கே மறுபடி படிவம் கொடுங்கள்.

மத்திய அரசின் கல்வி உதவிக்குப் போடும் ஃபாஃப்சா விண்ணப்பம் வேறு, இது வேறு. எடிசனில் இருக்கும் என் தோழி, "டேக் தானே? ஃபாஃப்சா போடும்போதே அதுவும் சேர்ந்து வந்துடும்டி" என்றாள். அவள் சொன்னது நியூ ஜெர்சியின் டேக். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் அது வருமானம் பார்த்துக் கொடுப்பது, ஃபாஃப்சாவை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். டிசி அரசும் டேக் என்ற பெயரில் தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று வைத்திருக்கிறது. வேறு மாநிலத்துச் சொந்தக்காரர்கள் அன்போடுதான் சொல்வார்கள், ஆனாலும் கேட்டுவிட்டு உங்கள் கல்லூரியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எங்களுக்கு நடந்தது.

2022 ஆகஸ்டில் மேரிலாந்திலிருந்து ஆஷ்பர்னுக்கு வந்தோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் நேரம். வாடகை ஒப்பந்தம் போட்டாயிற்று, பள்ளியில் சேர்த்தாயிற்று, மின்சாரம் எங்கள் பெயருக்கு மாற்றியாயிற்று. ஆனால் என் கணவரின் லைசென்ஸ் மேரிலாந்துடையது, இன்னும் நாலு வருடம் செல்லும். என்னுடையதும் அப்படியே. காருக்கும் மேரிலாந்து நம்பர் பிளேட். வர்ஜீனியாவில் காருக்கு வருடாவருடம் கவுண்டி வரி உண்டு, மேரிலாந்தில் அது கிடையாது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் "அவசரப்பட்டு மாத்தாதீங்க, ஒரு வருஷ வரி மிச்சம்" என்றார்கள். சட்டப்படி குடிவந்து 30 நாளுக்குள் காரைப் பதிய வேண்டும், 60 நாளுக்குள் லைசென்ஸை மாற்ற வேண்டும். தெரிந்தும் விட்டோம். வேலையும் மேரிலாந்து அலுவலகத்தில்தான் என்பதால் சம்பளத்தில் மேரிலாந்து வரி பிடித்துக்கொண்டே இருந்தார்கள். இந்த இரண்டு மாநிலங்களுக்கும் ஒப்பந்தம் உண்டு: வர்ஜீனியாவில் குடியிருந்து மேரிலாந்தில் வேலை செய்தால் சம்பளத்துக்கு வரி வர்ஜீனியாவுக்குத்தான். சம்பளத்தில் வர்ஜீனியா வரி பிடிக்கச் சொல்லும் விஏ-4 படிவத்தை அலுவலகத்தில் கொடுத்து மாற்றியிருக்க வேண்டும். செய்யவில்லை. போதாததற்கு 2022 கணக்கை முழு வருடமும் மேரிலாந்துவாசிகள் என்றே தாக்கல் செய்தோம், அலுவலகம் தரும் வருடச் சம்பளத் தாளான டபிள்யூ-2-வில் அப்படித்தானே இருக்கிறது என்று.

லைசென்ஸை 2023 பிப்ரவரியில்தான் மாற்றினோம். காரை மார்ச்சில்.

மகளுக்குக் கல்லூரி 2023 ஆகஸ்ட் கடைசியில். விடேக் படிவத்தை ஜூன் மாதமே கொடுத்தோம். மூன்று வாரம் கழித்துக் கல்லூரியிலிருந்து காகிதங்கள் கேட்டார்கள். வாடகை ஒப்பந்தத்தைப் பெருமையாக அனுப்பினேன், ஒரு வருடம் பூர்த்தியாகிவிட்டதே என்று. பதில் இரண்டே வரி: வகுப்பு தொடங்கும் நாளுக்கு முன் பன்னிரண்டு மாதம் டொமிசைல் இருந்ததற்கு ஆதாரம் போதாது.

டொமிசைல் என்றால் இங்கே வீடு இருப்பது மட்டும் இல்லை. இங்கேயே நிலையாகத் தங்கும் எண்ணம் இருக்க வேண்டும், அந்த எண்ணத்தை உங்கள் காரியங்கள் காட்ட வேண்டும். வருமான வரி எந்த மாநிலத்தில் கட்டினீர்கள், லைசென்ஸ் எங்கே, கார் எங்கே பதிந்திருக்கிறது, வேலை எங்கே, சொத்து எங்கே என்று சட்டத்திலேயே வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு 24 வயது ஆகும்வரை பொதுவாகப் பெற்றோரின் டொமிசைல்தான் பிள்ளையுடையது. ஆக மகள் இங்கே பள்ளிக்குப் போனதும் இங்கே பட்டம் வாங்கியதும் எங்களைக் காப்பாற்றவில்லை. எங்கள் லைசென்ஸும் எங்கள் வரித் தாளும் நாங்கள் மேரிலாந்துக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தன. பிப்ரவரியிலிருந்துதான் கணக்கு எடுத்தார்கள். வரிக் கணக்கைத் திருத்திக் கொடுத்தும் அந்த வருடத்துக்குப் பயனில்லை. அடுத்த வருடம் ஜூலைக்குள் புதிதாகப் படிவம் கொடுத்தோம், எந்தக் கேள்வியும் இல்லாமல் கிடைத்தது. முதல் வருடத்துப் பணம் போனது போனதுதான். சில நூறு டாலர் கார் வரியை மிச்சம் பிடித்து ஐயாயிரத்தை விட்டோம்.

நம் ஊர்ப் பழக்கமும் இதில் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நான் கும்பகோணத்தில் கல்லூரி சேர்ந்தபோது இருப்பிடச் சான்றிதழுக்கு அப்பா தாலுகா ஆபீஸுக்கு நாலு நடை நடந்தார். விஏஓ எங்கள் தாத்தாவையே அறிந்தவர். "இவங்க இந்த ஊர்தான்" என்று எழுதினார், ஆர்ஐ கையெழுத்து, தாசில்தார் முத்திரை, முடிந்தது. நாம் யார், எந்த ஊர் என்பதை இன்னொருவர் சொல்வார், அதற்கு ஒரு காகிதம் இருக்கும். இங்கே அப்படிச் சொல்ல யாரும் இல்லை. தேவைப்படும் அன்று போய் வாங்கிக்கொள்ளும் சான்றிதழும் இல்லை. ஒரு வருடத்துக்கு முன்னாலேயே நீங்கள் செய்த காரியங்கள்தான் சான்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் கணவர் லைசென்ஸை மாற்றாமல் இருந்ததற்கு வரி மட்டும் காரணம் இல்லை. "இது எத்தனையாவது வீடு? இன்னும் ரெண்டு வருஷத்துல எங்கேயோ, யாருக்குத் தெரியும்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மேரிலாந்து லேன்ஹாம் சிவா விஷ்ணு கோயிலுக்குத்தான் போய்வந்தோம், பழைய சிநேகிதர்கள் எல்லாம் அங்கே. எண்ணமெல்லாம் பாதி மேரிலாந்தில், பாதி கும்பகோணத்தில். டொமிசைல் படிவத்தில் காலவரையறை இல்லாமல் இங்கேயே தங்கும் எண்ணம் உண்டா என்ற வரியைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மாவிடம் வருடாவருடம் போனில் சொல்லும் 'வந்துடுவோம்மா'வுக்கு என்ன அர்த்தம் என்று தோன்றியது. பிள்ளை படிக்கும் காலம் வரை இதுதான் வீடு என்று தீர்மானித்து ஆம் என்று போட்டேன். நீங்களும் தயங்காதீர்கள்.

அதனால் வீட்டுச் சாவி வாங்கிய வாரமே, லைசென்ஸும் கார்ப் பதிவும் தரும் டிஎம்வி அலுவலகத்துக்கு முன்பதிவு போடுங்கள். தாய் தகப்பன் இருவருமே மாற்றிவிடுவது நல்லது. கார் ஓட்டாதவர் அடையாள அட்டையாவது வாங்கிக்கொள்ளட்டும். நேரே இந்தியாவிலிருந்து வந்தவர்கள் எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுத வேண்டியிருக்கும், அதற்கும் நேரம் பிடிக்கும். டிஎம்வியில் வாக்காளராகப் பதிகிறீர்களா என்று கேட்பார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் இல்லை என்றே சொல்லுங்கள். பச்சை அட்டை இருந்தாலும் இல்லைதான். டொமிசைலுக்கு உதவும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பிறகு குடியுரிமைக்கே ஆபத்து. ஆண்டு நடுவில் குடிவந்திருந்தால் அந்த வருட வரியை இரண்டு மாநிலத்திலும் பகுதி ஆண்டுவாசியாகத் தாக்கல் செய்யுங்கள்.

எச்-1பி வேலை விசாவிலும், அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவிலும் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வர்ஜீனியா விதிகளின்படி இந்த விசாக்காரர்கள் டொமிசைல் பெற வழி உண்டு, எஃப்-1 மாணவர்களுக்குக் கிடையாது. எச்-4 பிள்ளைகளுக்கு ஃபாஃப்சா வழியாக மத்திய அரசு உதவி இல்லை என்பதால் இது இன்னும் முக்கியம். நீங்களே இல்லை என்று முடிவு கட்டாமல் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுங்கள், கல்லூரி பார்த்துச் சொல்லட்டும். பிள்ளைக்கு எஃப்-1 மாற்றும் யோசனை இருந்தால் அதற்கு முன் இதைக் கணக்கில் எடுங்கள்.

எங்கள் தெருவில் போன மாதம் திருநெல்வேலிக் குடும்பம் ஒன்று வந்திருக்கிறது, நியூ ஜெர்சியில் ஐந்து வருடம் இருந்தவர்கள், பையன் பதினொன்றாவது. கார் இன்னும் நியூ ஜெர்சி பிளேட்டோடு நிற்கிறது. நேற்று சாம்பார் கொடுக்கப் போனபோது எங்கள் கதை முழுவதையும் அந்த அக்காவிடம் சொன்னேன். சனிக்கிழமை காலை ஸ்டெர்லிங் டிஎம்விக்குப் போகப்போகிறார்கள். வாடகை ஒப்பந்தம், வங்கி ஸ்டேட்மென்ட், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஒரே உறையில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கூட நானும் போகிறேன்.