வழக்குரை காதையை நவீன நடனமாக அமைப்பது எப்படி?

சிலப்பதிகாரத்தை நவீன நடனமாக்க விரும்புகிறவர்கள் 30 காதைகளையும் (பகுதிகளையும்) ஒரே மாலையில் ஆடிக்காட்ட முயல வேண்டியதில்லை. கண்ணகியின் கதை தமிழ்ப் பார்வையாளர் அறிந்ததே என்பதால், ஒரு காதையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் உடல்கள் என்ன செய்கின்றன என்பதை மூலத்திலிருந்தே திரட்டுவது நல்லது. கணவன் கோவலன் கள்வன் அல்லன் எனப் பாண்டியனின் அவையில் கண்ணகி வழக்காடும் வழக்குரை காதை அதற்கு மிகவும் ஏற்றது.

முதலில், உணர்ச்சியைச் சொல்லும் இடங்களை விட்டுவிட்டு, உடலையும் பொருளையும் சொல்லும் இடங்களை மட்டும் அடிக்கோடிட்டுப் படியுங்கள். மேனியில் புழுதி, விரித்த கூந்தல், கையில் ஒற்றைச் சிலம்பு, கண்ணீர் எனக் கண்ணகியின் ஒப்பனையை இளங்கோவடிகளே வகுத்துத் தந்திருக்கிறார். உண்மை வெளிப்பட்டதும் பாண்டியனின் குடை தாழ்கிறது, செங்கோல் தளர்கிறது, அவன் மயங்கி வீழ்கிறான். அரசனாக ஆடுபவர் முகபாவத்தை நாடாமல் இந்த வரிசையையே பின்பற்றலாம்: தலைக்கு மேல் குடையாக உயர்ந்திருக்கும் கை முதலில் மடங்க, பிறகு கழுத்து, தோள், முதுகு என மேலிருந்து கீழாகப் பிடிப்பு தளர்ந்து, மூச்சை வெளிவிட்டபடியே உடலின் எடை முழுவதும் தரையில் சேர வேண்டும். முழங்காலில் விழாமல், இடுப்பின் பக்கவாட்டில் இறங்கப் பழகுவது அவசியம். இந்த வீழ்ச்சிக்கு ஒரு நிமிடம் செலவிட்டாலும் தகும்.

அடுத்தது ஒலி. பரதத்துக்குரிய சலங்கையை இதில் ஒருவரும் கட்டாமல் இருப்பதே என் விருப்பம்; பாதங்கள் மௌனமாக இருந்தால்தான் சிலம்பின் ஒலிக்கு மதிப்பு வரும். சிலம்பின் உள்ளே இட்டிருக்கும் மணிகளே பரல்கள்: கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், பாண்டியனின் அரசி கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்துப் பரல். வழக்கின் தீர்ப்பே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஆகவே இரண்டு சிலம்புகளுக்கும் வெவ்வேறு ஒலியை அமைத்து, அவற்றைத் தொடக்கத்திலேயே பார்வையாளரின் காதுக்குப் பழக்கிவிடுங்கள். கண்ணகி சிலம்பை உடைக்கும் கணத்தில் உண்மையான பரல்களைச் சிதறவிடாதீர்கள், வெறுங்காலோடு ஆடுபவர்கள் வழுக்கி விழுவார்கள்.

அவைக்குள் நுழையும் நடைக்கு நாடுகாண் காதை உதவும். புகாரை விட்டு நடந்த களைப்பில் மதுரை எங்கே என்று கண்ணகி கேட்கிறாள். அருகில்தான் என்ற தொனியில், 30 காதம் (பழைய தூர அளவு) எனக் கோவலன் சிரித்தபடி விடை சொல்கிறான். அந்தத் தளர்ந்த நடையை முன்னதாக ஆடிக்காட்டியிருந்தால், அதே கால்கள் அரசவையில் எடை மாறி ஊன்றுவதைப் பார்வையாளர் தாமாகவே உணர்வர்.

மூல வரிகளுக்கு இசையமைக்க வேண்டாம். இந்தக் காதையின் பாவகையான அகவல் பேச்சின் ஓட்டத்துக்கு நெருங்கியது என்பதால், ஒருவர் நிதானமாகச் சொன்னாலே ஆடுபவர்களுக்குப் போதிய தாளம் கிடைக்கும்.

மதுரையின் தீ அடுத்து வரும் வஞ்சின மாலைக்கு உரியது. சிவப்பு விளக்கைப் போட்டு அதையும் சேர்க்கும் ஆசை எழும். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் விளக்கை விட்டுவிட்டு, கண்ணகி நகரை மூன்று முறை வலம் வரும் அந்தச் சுற்றை மட்டும் ஆடுங்கள்.