முதல் ஐடி வேலைக்கு முன்னால் ஒரு பூக்கடைக் கணக்கு

உசிலம்பட்டியில் பி.எஸ்சி. கணிதம் முடித்த எனக்கு முதல் ஐடி வேலை கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. அதில் ஐந்து மாதம் வீண். வேலை நிச்சயம் என்று சொன்ன ஒரு பயிற்சி மையத்தில் 35,000 ரூபாய் கட்டினேன். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. கைக்கு வந்தது சான்றிதழ் மட்டும். நீங்கள் பணம் கட்டும் முன் முந்தைய பேட்சில் படித்த இரண்டு பேரிடம் பேசிவிடுங்கள். வேலைக்கு முன்பணம் கேட்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

பைத்தானோ ஜாவாவோ, ஒரு நிரல் மொழியை எடுத்து ஆறு மாதம் அதிலேயே இருங்கள். பைத்தானில் பிழை வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன தவறு என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வீட்டில் உட்கார இடமில்லையா? 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் மதுரை புதுநத்தம் சாலையில் இருக்கிறது. என் பாதிப் படிப்பு அங்கேதான்.

அப்புறம், தெரிந்த ஒருவர் தினமும் பயன்படுத்துகிற மாதிரி ஏதாவது செய்து கொடுங்கள். இதைத்தான் அழுத்திச் சொல்வேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் என் சித்தப்பாவுக்குக் கடை. அவருக்குப் பற்று வரவு பார்க்க ஒரு புரோகிராம் எழுதினேன். முகூர்த்த நாளன்று மல்லிகை கிலோ 600-லிருந்து 1,400-க்கு ஏறியது. விலையை மாற்றினேன். சாயங்காலம் சித்தப்பா கூப்பிட்டார்: "ஏத்தா, நேத்து 600-க்கு எடுத்த ஆளு கணக்குல 1,400-னு காட்டுதே?"

பூவின் பெயரோடு மட்டும் விலையை வைத்திருந்தேன். அதை மாற்றியதும் பழைய பில் எல்லாம் மாறிவிட்டது. ஒவ்வொரு விற்பனையோடும் அன்றைய விலையைத் தனியாகச் சேமிக்க வேண்டும் என்பதை எந்த வகுப்பும் எனக்கு இப்படிப் பதிய வைக்கவில்லை.

நிரலை கிட்ஹப்பில் (நிரல்களைப் போட்டு மற்றவர்களுக்குக் காட்டும் இணையதளம்) போட்டு, என்ன செய்கிறது என்று நாலு வரி எழுதுங்கள். கடை ஆட்களின் பெயர், பாக்கித் தொகை எதுவும் அதில் இருக்கக் கூடாது.

ஆங்கிலம் தடுக்கும். எனக்கும் தடுத்தது. பொதுவாகப் பேசிப் பழகாமல், இந்த ஒரு கதையை மட்டும் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் மொட்டை மாடியில் தினமும் சொல்லிப் பார்த்தேன். நேர்காணலில் அதைச் சொன்னதும், "சரி, மாறிப்போன பழைய பில்களை என்ன செய்தாய்?" என்று கேட்டார்கள். சித்தப்பாவின் சிட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 212 வரிகளையும் ஒவ்வொன்றாகத் திருத்தினேன் என்றேன்.