பார்வை குறைந்தவருக்குக் கணினியும் இசைப்பதிவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் ஆலயப் பாடகர் குழுக்களிலும் ஊர்த் திருவிழாக் கச்சேரிகளிலும் கீபோர்டு வாசித்துப் பழகியவர்கள் ஏராளம். அவர்களுள் பார்வை குறைந்த ஒருவர் வீட்டுக் கணினியில் பாடல் பதிவு செய்ய விரும்பினால், உதவ வருபவர் திரையில் உள்ள எல்லாவற்றையும் பெரிதாக்கிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார். முதல் தவறு இதுதான்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையை இரு வகையாக வரையறுக்கிறது. கண்ணாடி அணிந்த பின்னும் நல்ல கண்ணின் கூர்மை 6/18க்குக் கீழ் (இயல்பான கண் 18 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில்தான் காண்பது 6/18) 3/60 வரை இருப்பது ஒரு வகை. பார்வைப் பரப்பு 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரை சுருங்கியிருப்பது மறு வகை. இவ்விரு வகையினரின் தேவையும் ஒன்றல்ல. விழித்திரையின் மையம் பழுதானவருக்கு எழுத்தைப் பெரிதாக்குவது பெரும்பாலும் உதவும். கண் அழுத்த நோயால் ஓரப் பார்வையை இழந்தவருக்கோ, பெரிதாக்கப் பெரிதாக்க, எஞ்சிய சிறு பரப்புக்குள் அடங்கும் எழுத்துகள் குறைந்துகொண்டே போகும். ஆகவே எதையும் மாற்றுமுன் அவருக்கு எப்படித் தெரிகிறது என்று அவரிடமே கேட்க வேண்டும். கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரம் பாதியானால் எழுத்து இரு மடங்காகத் தெரியும் என்பதால், நகர்த்தக்கூடிய தாங்கியில் திரையைப் பொருத்துவது பலருக்குப் போதுமானதாக இருக்கலாம். திரையின் தெளிவுத்திறனைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குவது மட்டும் வேண்டாம். எழுத்தின் விளிம்பு மங்கிவிடும்.

தமிழுக்கென்று ஒரு தவறும் உண்டு. தடித்த எழுத்துரு தெளிவாக இருக்கும் என்று எண்ணி மிகத் தடித்ததைத் தேர்ந்தால், மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தின் மேற்பகுதியோடு ஒட்டிப்போய், ‘கல்’ எது, ‘கல’ எது என்று பிரித்தறிய முடியாது. நடுத்தரத் தடிமனும் விரிந்த வரி இடைவெளியுமே ஏற்றவை.

கடலோர ஊர்களின் வெயில் கண்ணைக் கூச வைப்பது. சன்னலை ஒட்டித் திரையை வைத்துவிட்டு நிறங்களைக் குறை சொல்வதில் பொருளில்லை. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். கூச்சம் மிகுந்தவருக்குக் கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து இதமாக இருக்கும்.

இசைப்பதிவில் நடக்கும் பெரிய தவறு, திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் முற்றிலும் பார்வையற்றவருக்கு மட்டுமே உரியது என்று ஒதுக்கிவிடுவது. எஞ்சிய பார்வையை நூற்றுக்கணக்கான சிறு குமிழ்களைத் தேடிச் செலவழித்தால், அரை மணி நேரத்தில் கண் களைத்து, பாடலைக் கேட்கும் மனநிலையும் போய்விடும். பார்வையற்றவரான மைக்கேல் கரன் ஆஸ்திரேலியாவில் 2006இல் உருவாக்கத் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமானது; தமிழையும் வாசிக்கும். அதன் உருவாக்கத்தில் அவரோடு உழைத்த ஜேம்ஸ் டே, ரீப்பர் என்னும் பதிவு மென்பொருளுக்காக ஒசாரா என்ற இணைப்பையும் செய்தார். அது தடங்களின் (தனித்தனியாகப் பதிவான குரல், கருவி ஒலிகளின்) பெயரையும் ஒலி அளவையும் பேசிச் சொல்வதால், மவுசைத் தொடாமலே விசைப்பலகையில் பெரும்பகுதி வேலையை முடிக்கலாம். பதிவு மென்பொருளோடு கூடுதலாகச் சேர்க்கும் செருகுநிரல்களில், அழகான படமாக மட்டும் வரையப்பட்டவற்றைத் திரைவாசிப்பானால் படிக்க முடியாது. பணம் கொடுக்குமுன் இதைச் சோதிப்பது அவசியம்.

மைக்கையும் இசைக்கருவியையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கியவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இன்னொன்று. இசை மென்பொருளை இன்டர்ஃபேஸோடு நேரடியாக இணைக்கும் ஏசியோ டிரைவர் அந்தக் கருவியைத் தன்வசம் எடுத்துக்கொண்டால் திரைவாசிப்பானின் குரல் திடீரென்று நின்றுவிடக்கூடும். கணினி பழுது என்று கடைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். பேச்சைக் கணினியின் சொந்த ஒலிவழியிலும் இசையை இன்டர்ஃபேஸிலும் பிரித்து அமைத்தால் போதும். பேச்சு பதிவுக்குள் கலக்காதிருக்க அதை ஒரு காதுக்கான இயர்போனில் கேட்கலாம். வாசிப்பதற்கும் ஒலி காதில் விழுவதற்கும் இடையிலான தாமதத்தையும் கவனிக்க வேண்டும். 44,100 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் பதியும்போது, பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் மாதிரிகளின் தொகுப்பு) அளவு 1024 என்றால், அந்த ஒரு பஃபருக்கு மட்டும் சுமார் 23 மில்லி விநாடியாகிறது. 256 ஆனால் 6க்கும் குறைவு. விரலையும் காதையும் நம்பி வாசிப்பவரை இந்த வேறுபாடு வெகுவாகப் பாதிக்கும்.

பாடல் வரிகளைக் கைபேசியில் படம்பிடித்து அனுப்பும் வழக்கத்தையும் குழுவினர் கைவிட வேண்டும். படத்தைத் திரைவாசிப்பான் நேரடியாகப் படிக்காது. யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கத்தில் இல்லாத பழைய எழுத்துருக்களில் அடித்ததை வாசித்தால் பொருளற்ற ஒலிகளே வரும். யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பினால், ஒத்திகைக்கு முந்தைய இரவே அவர் வரிகளைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வருவார்.